டப்பா பொறுக்கும் பந்தயம்

உலகம் அழிந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. டிவிக்குள்ளேதான். வெளியே அழிந்து ஐந்து மாதம் ஆகிறது. தகர டப்பா செய்யும் தொழிற்சாலையை மூடிய அன்றே சூப்பர்வைசருக்கு எல்லாம் முடிந்துவிட்டது. மைத்துனன் கொடுத்த வீடியோ கேமுக்குள் இறங்கியவர் ஏறவே இல்லை. சாம்பல் வானம், இடிந்த தெரு, ஆளில்லாத ஊர். அங்கே யாரும் "இப்ப என்ன பண்றீங்க?" என்று கேட்பதில்லை.

மனிதர் குளித்து நான்கு நாள். நாற்காலியோடு நாற்காலியாகப் போய்விடுவாரோ என்று மனைவி உண்மையிலேயே பயந்தாள். பழைய இரும்புக் கிடங்கில் ஓர் இடம் காலி என்று விசாரித்து வந்து சொன்னாள். வெள்ளிக்கிழமை காலை போய் நிற்க வேண்டும்.

"பழைய டப்பா பொறுக்குற வேலை. பதினெட்டு வருஷம் புது டப்பா செஞ்ச கை இது!"

"ஆரம்பத்துல அப்படித்தாங்க. போகப் போக மேல ஏத்துவாங்க."

"ஏத்துவாங்க, பாடையில."

"சரி, இதுல என்ன பண்றீங்க?"

அவர் திரையைப் பார்த்தார்.

"காலி டப்பா பொறுக்கறேன்."

அவள் லேசாகச் சிரித்தாள். அதுதான் சுருக்கென்று தைத்தது.

"இது வேற. முதல் பத்து மணி நேரம் உயிரை எடுக்கும். அப்புறம் ஒரு பெரிய கதவு திறக்கும். அதுக்கப்புறம்தான் ஆட்டமே."

"கதவுக்குள்ள என்ன இருக்கு?"

"மனுஷங்க இருக்காங்களாம். நான் இன்னும் போகல."

போகவில்லை என்பதைவிட, கதவுவரை போய்ப் போய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார் என்பதே சரி. மனிதர்களைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. அதை எப்படிச் சொல்வது? வீராப்பாகச் சொன்னார்.

"உன்னால ஒரு மணி நேரம் தாங்க முடியாது!"

"பத்தும் தாங்கிட்டா?"

"கிடங்குக்குப் போறேன். நீ நடுவுல விட்டுட்டா இந்த வீட்டுல வேலைப் பேச்சே கூடாது."

செவ்வாய்க்கிழமை உட்கார்ந்தாள். டப்பா பொறுக்கினாள். புதனும் பொறுக்கினாள். கொட்டாவி வந்தது, கண் சொருகியது, பாதியில் விடவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து மனம் குளிர ரசித்தார்.

வியாழன் மதியம் கதவு திறந்தது. உள்ளே விளக்குகள், கிணறு, புகை போகும் அடுப்புகள். ஒரு கிழவர் வந்து, "உனக்கு என்ன வேலை தெரியும்?" என்று கேட்டார். அவள், "டப்பா பொறுக்குவேன்" என்று பதிலைத் தேர்ந்தெடுத்தாள். ஊரே கைதட்டி உள்ளே அழைத்தது.

சூப்பர்வைசருக்குப் பந்தயம் மறந்தே போயிற்று. நாற்காலியிலிருந்து துள்ளினார்.

"நான் சொல்லல? ஆரம்பத்தைப் பார்த்து எதையும் தள்ளக் கூடாது! பொறுத்தவனுக்குத்தான் கதவு திறக்கும்!"

"அதேதாங்க நானும் சொன்னேன்" என்றாள் அவள். "வெந்நீர் போட்டிருக்கேன், முதல்ல குளிங்க. நாளைக்குக் காலையில எட்டு மணிக்குக் கிடங்குல இருக்கணும்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். கை முழுக்கத் துரு. அவருடைய நாற்காலியில் அவள்; அடுப்பு பற்றவைத்த தடயமே இல்லை. திரையில் ஊர் பெருகியிருந்தது. கதவோரம் ஒருவன் குனிந்து டப்பா பொறுக்கிக்கொண்டிருந்தான்.

"யாரு அது?"

"நம்ம ஊருக்கு ஒரு ஆள் வேணும்ல. நல்லா உழைக்கிறார். கேம் பேர் வைக்கச் சொல்லிச்சு, வெச்சேன்."

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். குனிந்த தலைக்கு மேல் எழுதியிருந்தது: சூப்பர்வைசர்.