தூத்துக்குடிக்குக் கிழக்கே ஒரு வேட்டு

பெண் பார்க்கப் போகிறவன், கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வருவதே உத்தமம். நான் சங்கரன்கோவிலில் காமாக் கதிர் வெடிப்பைப் பற்றிப் பேசினேன்.

எழுபதுகளின் கடைசி. எம்.எஸ்ஸி. முடித்து ஒரு கல்லூரியில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். பெண்ணின் பெயர் கோமதி (அந்த ஊரில் பாதிப் பெண்களுக்கு அதுதான் பெயர்). காப்பி கொண்டுவந்த அவளைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. அவள் அப்பா பருத்தி வியாபாரி. தெருப் படிப்பகத்துக்குத் தலைவர் வேறு.

"வந்தது வந்தீங்க, நம்ம படிப்பகத்துல ஒரு பேச்சு பேசிருங்க தம்பி. பொறவு நல்ல சேதி சொல்லுதோம்" என்றார்.

அது பேச்சு இல்லை, பரீட்சை என்பது எனக்கும் விளங்கியது. சினிமாவைப் பற்றிப் பேசியிருந்தால் பிழைத்திருப்பேன். கிரகம் பிடித்து ஆட்டியது.

சாயங்காலம் படிப்பகம் நிரம்பிவிட்டது. வந்த அத்தனை பேரும் மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள். நான் அண்டவெளியில் ஆரம்பித்தேன். எவனாவது திருட்டுத்தனமாக அணுகுண்டு வெடிக்கிறானா என்று கண்காணிக்க மேலே அனுப்பிய செயற்கைக்கோள்களில், வானத்தின் எங்கோ ஒரு மூலையிலிருந்து சில நொடிகள் காமாக் கதிர் வந்து அடித்துவிட்டுப் போகிறது. எங்கிருந்து, யாருக்கும் தெரியாது. பல செயற்கைக்கோள்கள் தூரம் தூரமாக நின்று, எதில் முந்தி அடித்தது, எதில் பிந்தி அடித்தது என்று பார்த்துத் திசையைக் கண்டுபிடிக்கிறார்கள்.

"ஆருக்கும் தெரியாதத எதுக்கு வே நம்மகிட்ட வந்து சொல்லுதாரு?" என்று பின்வரிசையில் ஒருவர் பக்கத்து ஆளைக் கேட்டார்.

அத்தோடு நிறுத்தி உட்கார்ந்திருக்கலாம். "செய்தே காட்டுகிறேன்" என்றேன்.

மூன்று வாட்ச்தான் மூன்று செயற்கைக்கோள். ஒன்று என் கையில். ஒன்று கோமதியின் அப்பா கையில். அவர் ராஜபாளையம் ரோட்டில் நிற்பார். மூன்றாவது அவள் தம்பி சங்கர் கையில். புளியங்குடி எலுமிச்சை மண்டியில் கணக்கு எழுதுகிற பையன். அவன் ஊருக்கு மேற்கே நிற்பான். வானொலியில் மணி சொன்னபோது மூன்றையும் நானே ஒன்றாகத் திருப்பிவைத்தேன். படிப்பகக் காவல்காரர் தனக்குத் தோன்றிய இடத்தில் ஒரு வேட்டுப் போட வேண்டும். யார் எத்தனை நொடி பிந்திக் கேட்டார்கள் என்பதை வைத்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே அந்த இடத்தைச் சொல்லிவிடுவேன்.

இருவரும் சைக்கிளில் போனார்கள். கொஞ்ச நேரத்தில் வேட்டு வெடித்தது. கட்டிடத்துக்கு நேர் பின்னால்! (காவல்காரருக்கு நடக்கச் சோம்பல்.) ஜன்னல் அதிர்ந்து சுண்ணாம்பு உதிர்ந்தது.

"பின்னாலல்லா வெடிச்சிருக்கு!" என்றது சபை.

"காதை நம்பக் கூடாது. கணக்கு சொல்லட்டும்" என்றேன். அன்று எனக்கிருந்த கொழுப்பு அப்படி.

இருவரும் திரும்பி வந்தார்கள். அப்பாவுக்கு இரண்டு மூன்று நொடி பிந்திக் கேட்டிருந்தது. சரி. சங்கருக்கு ஐந்து நிமிஷம் பிந்திக் கேட்டிருந்தது. கூட்டினேன், கழித்தேன், அழித்தேன், கையாலேயே கரும்பலகையைத் துடைத்தேன். ஐந்து நிமிஷத்தில் ஒலி போகும் தூரம் கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர். சங்கர் நின்றது மேற்கே. அப்படியானால் வேட்டு கிழக்கே நூறு கிலோமீட்டரில் அல்லவா வெடித்திருக்க வேண்டும்? சங்கருக்கும் எனக்கும் நடுவில் ஒரு மைல்கூட இல்லை, அதைக் கடக்க எந்தச் சத்தத்துக்கும் ஐந்து நிமிஷம் ஆகாது என்ற அரிச்சுவடி அப்போது என் மண்டையில் ஏறவில்லை. பெண் கை நழுவிப் போகிறது என்ற ஒன்றுதான் ஏறியிருந்தது.

"வேட்டு வெடித்த இடம்..." என்று இழுத்தேன். "தூத்துக்குடிக்குக் கிழக்கே. கடலுக்குள்."

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து கோமதி எழுந்தாள்.

"ஏலே சங்கரு, வாட்ச்ச எப்பவும் போல அஞ்சு நிமிசம் கூட்டி வச்சியா?"

"ஆமாக்கா. சாரு சரியா வச்சித் தந்துட்டாரு. அப்படியே உட்டா காலைல புளியங்குடி பஸ்ஸு போயிரும்லா? போற வழியிலயே திருப்பி வச்சிட்டேன்."

படிப்பகம் சிரித்த சிரிப்பில் மிச்சச் சுண்ணாம்பும் உதிர்ந்தது. காவல்காரர் உள்ளே எட்டிப் பார்த்து, "நான் கடலுக்கெல்லாம் போவலைங்க" என்றார். நான் சாக்பீஸ் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டேன். பெண் வீட்டுக்குக்கூடத் திரும்பாமல் பஸ் ஏறிவிட்டேன்.

ஒரு வாரத்தில் சம்மதம் என்று ஆள் வந்தது. ஏன் என்று கல்யாணத்துக்கு அப்புறம் கோமதியிடம் கேட்டேன்.

"அம்புட்டு பேரும் சிரிக்கையில நீங்களும் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சீங்கல்லா? தப்பு பண்ணிட்டு தன்னையே பாத்துச் சிரிக்கிற ஆம்பளைய எங்க வீட்டுல நான் பாத்ததே இல்ல. அதான் அப்பாகிட்ட ஒத்தக்கால்ல நின்னேன்."

அது சிரிப்பில்லை. துடைத்த சாக்பீஸ் தூள் தொண்டைக்குள் போய் வந்த இருமல். இதை இன்றுவரை அவளிடம் நான் சொல்லவில்லை.

இப்போதும் வீட்டில் என் கண்ணாடி காணாமல் போனால் அவள் அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பாள்: "தூத்துக்குடிக்குக் கிழக்க பாருங்க!" பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். கண்ணாடி என் தலையில்தான் இருக்கும். நானும் சிரிப்பேன். பழகிவிட்டது, இப்போது இருமல் தேவைப்படுவதில்லை.