தேவதானத்து மண்ணைச் சுற்றிய இயந்திரம்

மனித குலம் நெருப்பைக் கண்டது, சக்கரத்தைக் கண்டது. அதற்குப் பிறகு உருப்படியாக எதையும் காணவில்லை என்ற குறையை ஸ்ரீவில்லிபுத்தூர் மண்ணீர் ஆய்வு மையம் போக்கியது. அங்கே ஒரு சுழல் இயந்திரம் வந்து இறங்கியது. பாதி நனைந்தும் பாதி நனையாமலும் கிடக்கிற மண்ணுக்குள் தண்ணீர் என்ன வேகத்தில் இறங்கும் என்று அளக்கும் இயந்திரம் அது. சும்மா விட்டால் அந்தத் தண்ணீர் அரசாங்கக் கோப்பைப்போல நகரும். மண்ணை உருளையில் அடைத்து, மேலே தண்ணீரைச் சொட்டவிட்டு, கிறுகிறுவென்று சுற்றினால், மாதக்கணக்கில் நடப்பது ஒரே பொழுதில் நடந்துவிடும்.

மையத்தின் இயக்குநர் சுப்புராஜுக்குத் தொடக்க விழாவன்று கால் தரையில் பாவவில்லை. ராஜபாளையத்து வீட்டிலிருந்து விடிந்ததும் கிளம்பி வந்துவிட்டார். முதல் சோதனை தேவதானத்து மண்ணுக்கு. அங்கே ஒரு துணி வெளுப்பு ஆலை, தன் கழிவுநீரைப் பக்கத்துத் தரிசில் விட அனுமதி கேட்டிருந்தது. தரிசை ஒட்டித் தங்கபாயின் தென்னந்தோப்பு. தோப்புக்குள் ஒரு கிணறு. தெருவே அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்தது. கழிவுநீர் இறங்கிக் கிணற்றைத் தொடுமா, தொடாதா என்று இயந்திரம் சொல்ல வேண்டும். அதைக் கேட்கத் தங்கபாயும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

இயந்திரத்தின் ஒரு கையில் மண் உருளை இருந்தால் எதிர்க்கையில் அதே எடை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆட்டம் கண்டுவிடும். அந்த எடைக்கட்டி சென்னையிலிருந்து வந்து சேரவில்லை. விழாவைத் தள்ளிப் போடலாமா என்று இளநிலை ஆய்வாளர் இர்ஃபானா கேட்டார். ஆலை முதலாளியே 'சிறப்பு விருந்தினராக' மேடையில் அமர்ந்திருக்கும்போது கேட்கிற கேள்வியா இது? சுப்புராஜின் பார்வை, விருந்தினருக்கென்று வாங்கி வைத்த பால்கோவாவில் விழுந்தது. ஊர்ப் பெருமை ஊருக்கு உதவாமல் வேறு எதற்கு? இன்னொரு உருளையில் அதை அமுக்கி அடைத்து, மண்ணுக்குச் சரியாக நிறுத்தார். நடுநிலை தவறக் கூடாது என்று அதன் தலையிலும் தண்ணீர் சொட்ட ஏற்பாடு செய்தார்.

பூஜை போடாத இயந்திரம் எங்காவது ஓடியதுண்டா? இரண்டு உருளைகளுக்கும் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தார்கள். அவற்றில் ஒட்டியிருந்த எண்கள் சந்தனத்துக்குள் மறைந்தன. தெய்வ காரியம் என்பதால் யாரும் கவலைப்படவில்லை.

இயந்திரம் சுற்றி முடித்து நின்றபோது ஓர் உருளையின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. மற்றதில் ஒரு சொட்டுகூட இல்லை. எது மண்? சுப்புராஜ் தயங்கினார். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சொட்டாததுதான் மண் என்று விஞ்ஞானம் உடனே முடிவுக்கு வந்தது. கழிவுநீர் கிணற்றை எட்ட முந்நூறு ஆண்டுகள் ஆகும் என்ற அறிக்கை மேடையிலேயே கையெழுத்தானது. கைதட்டல் ஓய்ந்ததும், விஞ்ஞானப் பிரசாதத்தைப் பரிமாறுவதற்காக ஈர உருளையைத் திறந்தார்கள். உள்ளே செம்மண் சேறு.

"சார், நாம அளந்தது பால்கோவாவ. அறிக்கைய மாத்திரணும்" என்றார் இர்ஃபானா. பிரசாதத்துக்கு வந்து நின்ற தங்கபாயின் காதில் அது நன்றாகவே விழுந்தது.

"கையெழுத்துப் போட்ட பொறவு மண்ணு பேசக் கூடாதும்மா" என்றார் சுப்புராஜ்.

எடைக்கட்டி வந்ததும் மறுசோதனை செய்வதாகத் தங்கபாயிடம் வாக்களித்தார். மனப்பூர்வமாகத்தான் வாக்களித்தார். ஆனால் எடைக்கட்டிக்கு முன்னால் ஆலைக்கு அனுமதி வந்துவிட்டது.

தை பிறப்பதற்குள் கிணறு நுரைத்தது. தெருவில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. தங்கபாய் ஒரு பாட்டில் தண்ணீரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மூடியைத் திறந்து முகர்ந்த சுப்புராஜ், பாட்டிலை மேசையின் மறுகோடிக்குத் தள்ளிவைத்தார். பயந்துபோய் அவசரக் கூட்டம் கூட்டினார். இர்ஃபானா மறுபடி அந்தச் சேற்றைப் பற்றிப் பேச்செடுத்தார். அது 'பொருளுக்கு அப்பாற்பட்டது' என்று அவரை உட்காரச் சொன்னார்கள். அறிக்கை முறைப்படி கையெழுத்தானது, ஆகவே தவறாகாது. அனுமதி அறிக்கைப்படி வந்தது, ஆகவே அதுவும் தவறாகாது. மிச்சமிருந்தது கிணறு ஒன்றுதான். முந்நூறு ஆண்டுகள் பொறுக்காமல் கழிவுநீரை முன்கூட்டியே ஏற்றுக்கொண்ட அந்தக் கிணற்றை, 'பொதுநலன் கருதி' மூடிவிடுவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள்.

தீர்மானத்தைச் சொல்ல சுப்புராஜே ஜீப்பில் தேவதானம் போனார். இந்த அளவுக்கு இறங்கி வருகிற அதிகாரி யார் இருக்கிறார்கள்? தங்கபாய் அழவில்லை, ஏசவில்லை. கிணற்றடியில் நின்றபடி முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"சரி சார், மூடுங்க. அன்னைக்கு மண்ணுன்னு சொல்லிப் பால்கோவாவ அளந்தீக. இந்தக் கிணத்த மூடுததுக்காவது மண்ணக் கொண்டாருவீகளா?"