மலையில் சொல்லக்கூடாத சொல்

எமதர்மராஜனையே ‘கொஞ்சம் பொறும்வே’ என்று கையைக் காட்டி நிறுத்தக்கூடிய ஆள் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் சங்கரன்கோவில் சேப்டி அண்ணாச்சி.

எழுபதுகளின் கடைசியில் ஊரில் ஒரு லாட்ஜுக்கு நான் மேனேஜர். மேனேஜர் என்றால் சாவி கொடுப்பது, குழாயில் தண்ணீர் வராததற்குத் திட்டு வாங்குவது. வாசுதேவநல்லூருக்கு மேற்கே மலையில் படம் பிடிக்க வரும் மெட்ராஸ் சினிமாக் கம்பெனிகள் எங்களிடம்தான் தங்கும். மத்தியானச் சாப்பாட்டை வேனில் ஏற்றி மலைக்குக் கொண்டுசேர்ப்பதும் என் தலையில் விழுந்தது. அண்ணாச்சியின் திருவிளையாடல்களைக் கண்குளிரப் பார்த்தது அப்படித்தான்.

அவருக்குச் சொந்தத் தொழில் கிணறு வெட்டுவது. கயிறு கட்டி ஆளை இறக்கி ஏற்றத் தெரிந்தவர் என்று யாரோ சொல்லப்போக, ஒரு கம்பெனிக்காரர் கூப்பிட்டு, “இனிமே நீங்கதான் நம்ம சேப்டி ஆபீசர்” என்று தமாஷுக்குச் சொல்லிவைத்தார். அது தமாஷ் என்று அண்ணாச்சியிடம் யாரும் சொல்லவில்லை. மறுநாளே காக்கிச் சட்டையும் கழுத்தில் கண்டக்டர் விசிலுமாக வந்து நின்றார். அன்றையிலிருந்து அவருடைய சொந்தப் பெயரை ஊரே மறந்துபோயிற்று.

மலையேறுகிற ஒவ்வொருவர் நெற்றியிலும் கோமதியம்மன் கோவில் புற்றுமண் வைத்துத்தான் அனுப்புவார். கதாநாயகியும் தப்ப முடியாது. மேக்கப்மேன் பவுடர் அடித்து முடித்த மறுநிமிஷம் அண்ணாச்சியின் கட்டைவிரல் அங்கே இருக்கும். இருவருக்கும் நடந்த சண்டையை விலக்கவே ஒரு அசிஸ்டென்ட் டைரக்டரைத் தனியாகப் போட்டிருந்தார்கள்.

கயிறு கட்டுவதிலோ மனுஷனுக்கு வெறி. கேமராவை மரத்தோடு கட்டுவார், கேமராமேனைக் கேமராவோடு கட்டுவார். ஒரு தடவை பாட்டுக்காகச் சின்னப் பாறை ஒன்றில் ஏறி நின்ற கதாநாயகன் அண்ணாச்சியை மடக்கப் பார்த்தார்.

“யோவ், இது என் இடுப்பு உயரம்கூட இல்லை. இதுக்குப் போய்க் கயிறா?”

“மண்டை உடையதுக்கு இந்த உசரம் போதும். கையைத் தூக்கும்.”

தூக்கினார். கதாநாயகிக்கும் கட்டியாயிற்று. மெட்ராஸில் போட்டுப் பார்த்தபோது, அந்தப் பாட்டு முழுக்க அந்த அம்மாளுக்குச் சேலைக்குப் பின்னால் வால் முளைத்திருந்ததாம்.

எனக்கும் சோதனை வந்தது. வாழைப்பழத் தோல் மலைக்கு வரக்கூடாது என்று உத்தரவு. “வழுக்கி விழுந்தான்னா உம்ம பழத்தையா கேப்பாங்க? என்னைத்தாம்வே கேப்பாங்க” என்றார். யூனிட் முழுவதற்கும் உட்கார்ந்து பழம் உரித்துக் கொடுத்தேன். பி.ஏ. படித்தது இதற்குத்தானா என்று அழுகையே வந்தது.

எல்லாவற்றுக்கும் சிகரம் அந்தச் சொல் சமாச்சாரம்.

கிணற்று வேலையில் மேலே கயிறு பிடிக்கிறவனுக்கு இரண்டே சொற்கள்தான். ‘இழு’ என்றால் இழுக்க வேண்டும். ‘விடு’ என்றால், கீழே வாளி தரை தட்டிவிட்டது, கயிற்றைக் கையிலிருந்து விட்டுவிடலாம் என்று அர்த்தம். பனவடலிசத்திரத்திலிருந்து கூட்டிவந்த தன் ஆட்கள் நான்கு பேரையும் அண்ணாச்சி அப்படித்தான் பழக்கியிருந்தார். அவர் குரல் கேட்டால்தான் அவர்கள் கை அசையும். ஏன் எதற்கு என்று கேட்கமாட்டார்கள்.

அப்புறம் மற்றவர்கள் சொன்னால் என்ன? “மலைக்காத்துல எவன் சத்தம் எப்படிக் கேக்கும்னு கண்டோமா?” என்றார். ஆகவே அவரைத் தவிர வேறு யாரும் மலையில் ‘விடு’ என்று சொல்லக்கூடாது. புகை போடுகிறவரிடம் டைரக்டர் “புகையை விடு” என்று சொல்ல முடியாது, “புகையை அனுப்பு” என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு நாள் வில்லன் கதாநாயகியின் கையைப் பிடித்து இழுக்கிற கட்டம். அந்த அம்மாள் “என்னை விடு! விடு!” என்று அலறியதுதான் தாமதம், விசில் பறந்தது. கேமரா நின்றது.

“யோவ், அது வசனம்யா!” என்று டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

“வசனத்தை ஊருக்குள்ள போய்ச் சொல்லச் சொல்லும். இங்கன நாலு பேரு கயித்தப் பிடிச்சிட்டு நிக்கான்.”

பேச்சுவார்த்தை வெகுநேரம் நடந்தது. கடைசியில் அந்தக் கதாநாயகி “கையை எடு! எடு!” என்று கதறினாள். வில்லன் ஏதோ சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுக்கிற மாதிரி எடுத்தான்.

ஊருக்குள்ளும் இந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சு என்று சொன்னால் முகத்தைச் சுளிப்பார். “பொழுது விடிஞ்சிட்டு” என்று சம்சாரம் எழுப்பினால் எழுந்திருக்கமாட்டார், “வெளுத்துட்டு” என்றால்தான் எழுந்திருப்பார் என்று எங்கள் லாட்ஜில் பேசிச் சிரிப்போம். சிரித்தோமே தவிர, அவர் மலையில் இருந்த வருஷங்களில் ஒருவருக்கும் கால் நகம்கூடப் பெயரவில்லை. அவருக்கு அதுதான் சொத்து. “என் மலையில ஒருத்தனும் விழுந்ததில்ல பாத்துக்கிடும்” என்று சொல்லும்போது முகம் பிரகாசிக்கும்.

இனிமேல் எழுதப்போவதை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.

கதாநாயகனுக்கு டூப் போட மணி என்று ஒரு மெட்ராஸ்காரர் வருவார். தங்கமான மனுஷன். அண்ணாச்சி எத்தனை முடிச்சுப் போட்டாலும் சிரித்துக்கொண்டே நிற்கிற ஒரே ஆள். அன்றைக்கு அவர் பாறை விளிம்பில் கயிற்றில் தொங்க வேண்டும். வழக்கமாகக் காவலுக்கு இன்னொரு கயிற்றை மரத்தில் கட்டிவைப்பார்கள். அது கேமராவில் தெரிகிறது என்று கழற்றச் சொல்லிவிட்டார்கள். அண்ணாச்சி மல்லுக்கட்டிப் பார்த்துத் தோற்றார். “சரி, என் ஆளுக பிடிச்சுக்கிடுவாங்க” என்றார்.

ஷாட் நன்றாகவே முடிந்தது. இன்னொரு தடவை எடுக்கலாம் என்றார் டைரக்டர். வெளிச்சம் போய்விட்டது, முடியாது என்றார் கேமராமேன். பேச்சு தடித்தது. ஒருவரையொருவர் ஏக வசனத்தில் திட்டிக்கொண்டார்கள். மணி இன்னும் கீழே தொங்கிக்கொண்டிருக்கிறார். ஆளை மேலே ஏற்றாமல் இவர்கள் சண்டை போடுகிறார்களே என்று அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய் இருவருக்கும் நடுவில் நின்று கத்தினார்:

“சவத்த விடுங்கய்யா!”

எங்கள் பக்கத்தில் ‘சவத்த விடு’ என்பதைச் சொல் என்றே யாரும் நினைப்பதில்லை, அது மூச்சு மாதிரி. பஸ் போய்விட்டால் சவத்த விடு. பால் திரிந்துவிட்டால் சவத்த விடு. தூக்கத்தில்கூட நாக்கு அதைச் சொல்லும். அதற்குள் ஒரு ‘விடு’ இருக்கிறது என்று யாருக்கும் தோன்றாது. அண்ணாச்சிக்கும் தோன்றவில்லை.

நான்கு பேரும் விட்டுவிட்டார்கள்.

கயிறு பாறையில் உரசிக்கொண்டு போன சத்தத்தை நானும் கேட்டேன். அந்த நான்கு பேரில் ஒருவர் வெறும் கையைப் பார்த்துக்கொண்டு, “அண்ணாச்சி, நீங்கதான விடச் சொன்னீய?” என்று கேட்டார். அண்ணாச்சி இடிந்துபோய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மணி சாகவில்லை. கீழே ஒரு பாறைத் திட்டு தாங்கிக்கொண்டது. இடுப்பெலும்பு முறிந்து பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் படுத்திருந்தார். அண்ணாச்சி சம்சாரத்திடம் புற்றுமண் கொடுத்தனுப்பினாரே தவிர, ஒரு தடவையும் நேரில் போகவில்லை. யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. டைரக்டரே வீடு தேடி வந்து, தப்பு எங்கள் பேரில்தான் என்றார். அண்ணாச்சி ஒரே ஒரு பதில்தான் சொன்னார்.

“என் வாயை நம்பி இனிமே ஒருத்தனும் தொங்கவேண்டாம்.”

அதற்குப் பிறகு மலைக்கும் போகவில்லை, கிணற்றுக்கும் போகவில்லை. வீட்டை விட்டு வெளியே வருவதே அபூர்வம். எதிரே பார்த்தால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். அந்த விசில் சத்தம் இல்லாத மலை எனக்குப் பிடிக்கவே இல்லை. புதிதாக வந்த கம்பெனிக்காரர்கள், வாழைப்பழத்தைத் தோலோடு கொடுத்தாலும் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார்கள். நான் உரித்தேதான் கொடுத்தேன்.

எண்பதுகளில் ஒரு சாயங்காலம் மணி லாட்ஜுக்கு வந்தார். இப்போது ஸ்டண்ட் மாஸ்டருக்கு அசிஸ்டென்டாம். மறுபடி மலையில் படப்பிடிப்பு. “பசங்க உசுரு என் பொறுப்பு சார். அவர் வந்து கயிறு பிடிச்சாத்தான் நான் ஒருத்தனை இறக்குவேன். கூட வாங்க, கேட்டுப் பார்ப்போம்” என்றார். அவர் வலது காலை இழுத்து இழுத்து நடந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

இருவரும் போனோம். கதவு சாத்தியிருந்தது. கூப்பிட்டும் திறக்கவில்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

“மணியா வந்திருக்காரு?”

“ஆமா அண்ணாச்சி. நான் நல்லாத்தான் இருக்கேன். நீங்க மலைக்கு வரணும்.”

“நடக்கீரா?” என்று கேட்டார் அண்ணாச்சி.

“நல்லா நடக்கேன் அண்ணாச்சி” என்றார் மணி, எங்கள் ஊர்ப் பேச்சிலேயே.

“எங்க, தெருவுல நடந்து காட்டும். சத்தம் கேக்கட்டும்.”

மணி என்னைப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தக் காலையும் தூக்கித் தூக்கி வைத்து நடக்க ஆரம்பித்தார். எவ்வளவு முயன்றாலும் ஒரு காலடி அழுந்தியும் ஒரு காலடி தேய்ந்தும்தான் விழுந்தது. எனக்குத் தாங்கவில்லை. நானும் அவர் பக்கத்தில் போய், செருப்பை ஓங்கி ஓங்கி மிதித்துக்கொண்டு கூடவே நடந்தேன்.

“வே, லாட்ஜுக்காரரே, நீரு நில்லும்” என்றது உள்ளேயிருந்து குரல். “அவரு மட்டும் நடக்கட்டும்.”

நான் நிற்கவில்லை. இன்னும் பலமாக மிதித்துக்கொண்டு நடந்தேன்.