ஒரு சைபர் குறைவு

விலையைச் சொல்லும்போது ஒரு சைபரை விழுங்கிவிட்டார் கு போன்-சிக். வந்த வினை எல்லாம் அதனால்தான்.

"அறுபதாயிரம் வோனா?" மனைவி மியோங்-ஓக் அந்தக் கறுப்புப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "இவ்ளோ பெரிய ஆம்ப்ளிஃபயர், வெறும் அறுபதாயிரமா?"

"பழசு இல்லியா, அதான்."

வாங்கியது ஆறு லட்சத்துக்கு. வீட்டுக்குத் தெரியாமல் தூண்டில் பைக்குள் நாலு வருஷமாகச் சேர்த்து வைத்த பணத்தில் சரிபாதி.

அவர் என்ன செய்வார், பாவம். அலுவலக நண்பர்களின் பேண்டில் கீபோர்டு வாசிப்பவர். போன வருஷம் குடியிருப்பு விழாவில், செலவு எதற்கு என்று கிதார்காரரின் ஆம்ப்ளிஃபயரிலேயே கீபோர்டையும் சொருகியதில் அவருடைய வாசிப்பு ஒரு துளிகூட வெளியே கேட்கவில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் மாமியார் எல்லார் முன்னாலும் கேட்டார்: "ஏன் மாப்ளே, மேடையில நின்னு எதை இஸ்திரி போட்டுக்கிட்டிருந்தீங்க?"

இந்த வருஷ விழா வருகிற சனிக்கிழமை. மாமியார் முன்வரிசையில் இடம் பிடித்து வைக்கச் சொல்லியாகிவிட்டது.

சியோலில் வாத்தியக் கடைக்காரர் முதலில் காட்டியது மலிவான சின்னப் பெட்டியைத்தான். காட்டிவிட்டு, "உங்க பேண்டுல ட்ரம்ஸ் யாரு?" என்று கேட்டார்.

"ஹ்வாங்னு ஒருத்தர். பேங்க்ல கடன் வசூல் பண்றவரு."

"அப்ப இது பத்தாது. பெருசா எடுத்துக்கோங்க."

எடுத்துக்கொண்டார். மறுநாளே ஆரம்பித்தது.

"ஏங்க, தேக்-சுகிட்ட சொன்னேன். அவங்க சர்ச்சுக்கும் இதே மாதிரி ஒண்ணு வேணுமாம். இந்தாங்க அறுபதாயிரம்." தேக்-சு அவள் தம்பி.

"அது... ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு."

"கடை நம்பரைக் குடுங்க. நானே பேசிப் பாக்கறேன்."

"கடையையே மூடிட்டாங்க!"

"ஒரே நாள்லயா?"

"இந்த வெலைக்கு வித்தா மூடாம என்ன பண்ணுவாங்க?"

மியோங்-ஓக் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப இதையே அவனுக்குக் குடுத்துடலாம். கர்த்தருடைய காரியம், இல்லேன்னு சொல்லக் கூடாது. நீங்க வேற பாத்துக்கோங்க."

போன்-சிக் பெட்டியை மறித்துக்கொண்டு நின்றார். "ஐயையோ, வேணாம்மா! இது ஒண்ணுத்துக்கும் உதவாது. கரகரன்னு ஒரே இரைச்சல். கர்த்தருக்கே காது வலிக்கும்."

"அவ்ளோ மோசமா?"

"மகா மட்டம்."

அவள் பெட்டிக்குப் பின்னால் குனிந்து அங்கே ஒட்டியிருந்த மாடல் எண் சீட்டை ஒரு பார்வை பார்த்தாள். நிமிர்ந்து அவரை ஒரு பார்வை பார்த்தாள். "சரி" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அப்பாடா, தப்பித்தோம் என்று உட்கார்ந்தார் போன்-சிக்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், பெட்டி இருந்த மூலை காலி. மேசை மேல் பொரித்த கோழி மணத்தது.

"வித்துட்டேன்!" என்றாள் மியோங்-ஓக். "பழைய சாமான் விக்கிற ஆப்ல போட்டேன். போட்ட அரைமணில போயிடுச்சு. ஒரு லட்சம்! நாப்பதாயிரம் லாபம்ங்க! இந்தாங்க, கால் துண்டு உங்களுக்குத்தான்."

கத்தவும் முடியாது. கத்தினால், உதவாத பெட்டிக்கு எதற்குக் கத்துகிறீர்கள் என்று கேட்பாள். "கெட்டிக்காரி" என்று சொல்லிக் கோழிக்காலைக் கடித்தார்.

"நாளைக்கு என்ன பண்ணப் போறீங்க?"

"யார்கிட்டயாவது இரவல் கேக்கறேன்."

குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, கைப்பேசியில் அதே ஆப்பைத் திறந்தார். முதல் பக்கத்திலேயே அவருடைய பெட்டி! லிஃப்ட் கதவில் இடித்த கீறல்கூட அப்படியே இருந்தது. விலை ஆறு லட்சம். விற்பவர் பெயர் 'நேர்மையான அயலார்'.

அடப்பாவி! அவர் விறுவிறுவென்று தட்டினார்: "இது இன்னிக்கு ஒரு லட்சத்துக்கு வாங்கினதுதானே?"

உடனே பதில் வந்தது: "கடையில இது என்ன வெலைன்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். அதுதானே கொடுமை.

"கொஞ்சம் குறைச்சுக்கோங்க. புண்ணியமாப் போகும்."

"ஒரு சைபர்கூடக் குறைக்க முடியாது. காலையில பணத்தை உறையில போட்டு, பின்வாசல் காவலாளிகிட்ட குடுத்துட்டுப் பெட்டிய எடுத்துக்கோங்க."

நம் குடியிருப்புக்குள்ளேயே இப்படி ஒரு கொள்ளைக்காரனா! அவருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் மாமியாரின் இஸ்திரிப் பெட்டி கண்முன்னே வந்து நின்றது. விடிந்ததும் தூண்டில் பையைக் கவிழ்த்து உதறினார். மிச்சமிருந்த ஆறு லட்சமும் உறைக்குள் போனது.

பின்வாசல் காவலாளி பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து முன்னால் நிறுத்தினார். "கனமா இருக்குங்கய்யா. இடுப்பு பத்திரம்."

போன்-சிக் உறையை அவர் கையில் திணித்தார். "அந்த நேர்மையான அயலார் வந்தா இதைக் குடுங்க. மனசாட்சியே இல்லாத ஜென்மம்னு நான் திட்டினதாவும் மறக்காம சொல்லுங்க."

காவலாளி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அவரிடமே நீட்டினார்.

"நான் எதுக்குங்கய்யா நடுவுல? வீட்டுக்குத்தானே போறீங்க, உங்க வீட்டம்மாகிட்ட நீங்களே குடுத்துச் சொல்லிடுங்களேன்."