சம்பந்திக்கு, ஸ்லோவாக்கியா விஷயமாக

ஈசா டவுன்,
பஹ்ரைன்.

கண்ணியமிக்க சம்பந்தி ஜனாப் முகம்மது யூசுப் அவர்களின் சமூகத்திற்கு,

ஜாபர் சாதிக் சலாம் உரைத்து எழுதுவது. இங்கே நானும், வீட்டில் அஸ்மத் பீவியும், மகள்மார் ஆமிரா, ஹிஃப்ஸா இருவரும் படைத்தவன் கிருபையால் சுகம். அதுபோல் அல் ஐனில் தாங்களும், தங்கள் வீட்டாரும், மாப்பிள்ளை அம்மாரும், துணிக்கடையும் சுகமாக இருக்கத் துஆச் செய்கிறோம்.

சம்பந்தி என்று எழுதலாமா கூடாதா என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ரமலானில் ஆமிராவுக்கும் தங்கள் மகன் அம்மாருக்கும் நிக்காஹ் பேசி முடித்ததிலிருந்து தங்களை அப்படி அழைக்கும் உரிமை எனக்கு இருந்தது. ஹிஃப்ஸாவின் பள்ளிக்கூட வீடியோ ஊரெல்லாம் சுற்றி அல் ஐனுக்கும் வந்த பிறகு அந்த உரிமை இன்னும் இருக்கிறதா என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும். போன் அடித்தால் மணி போகிறது, தாங்கள் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நீலக் கோடு விழுகிறது, பதில் விழவில்லை. அதனால்தான் இந்தக் காலத்தில் பேப்பரும் பேனாவும் தேடி எடுத்து எழுதி, அந்தப் பக்கம் வரும் நம் சாகிரிடம் கொடுத்துவிடுகிறேன். காகிதத்தை யாரும் பிளாக் பண்ண முடியாதல்லவா? தயவுசெய்து முழுக்க வாசியுங்கள். நடுவில் கோபம் வந்தால் ஒரு சுலைமானி டீ குடித்துவிட்டுத் தொடருங்கள்.

நடந்தது இதுதான். ஹிஃப்ஸாவின் பள்ளியில் கண்காட்சி வைத்தார்கள். அவரவர் குடியிருக்கும் கட்டடத்தில் உள்ள இரண்டு சமூகத்தாரின் பொருளாதார நிலைமையை ஒப்பிட்டு மேடையில் பேச வேண்டுமாம். எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் மிலான் என்று ஒரு ஸ்லோவாக்கியர் இருக்கிறார், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் இன்ஜினியர். மற்ற எல்லாரும் ஆசியர். ஆகவே எங்கள் பிள்ளைக்கு 'ஸ்லோவாக்கியரும் ஆசியரும்' என்று டீச்சர் எழுதிக் கொடுத்துவிட்டார். "ஆசியான்னா யாரு யாரும்மா?" என்று கேட்டேன். "நாம, கீழ்வீட்டு ஃபிலிப்பினோ ஃபேமிலி, அப்புறம் நம்ம பில்டிங் ஓனர் அரபி" என்றாள். தூக்கிவாரிப் போட்டது. ஓனருக்கு ஆறு கட்டடம் சொந்தம். எனக்குப் போன் கவர் விற்கிற ஒரு கடை, அதுவும் வாடகை. இரண்டையும் கூட்டிச் சராசரி போட்டால் ஆளுக்கு மூன்று கட்டடம் வருகிறது என்றாள். சம்பந்தி, என் சொத்து நிலவரத்தை யாராவது தங்களிடம் குறைத்துச் சொல்லியிருந்தால் இந்தச் சராசரியைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் நாங்கள் மிலான் வீட்டுக்குப் போனோம். அவர் பேசுவது பாதி இங்கிலீஷ், பாதி சைட்டில் கற்றுக்கொண்ட ஹிந்தி, விட்டுப்போனதைக் கையால் சொல்லிவிடுவார். ஹாலில் அரசாங்க ஆபீஸில் இருக்கிற மாதிரி ஒரு காப்பி மெஷின். சுவரில் இரண்டு மாடி வீட்டின் படம், சிவப்பு ஓடு, சுற்றிலும் ஆப்பிள் மரம். "இதுதான் எங்க வீடு" என்று மிலான் சொன்னதும் அவர் சம்சாரம் இருமினார், அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. உருளைக்கிழங்கு உருண்டையில் ஆட்டுப்பால் சீஸ் போட்டுக் கொடுத்தார்கள், கறி கலக்கவில்லை என்று நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்கள், நல்ல மனிதர்கள். சம்பளத்தைப் பற்றி ஹிஃப்ஸா வெட்கமில்லாமல் கேட்டாள். "இதே வேலைய பாக்கற இந்தியாக்காரரைவிட எனக்கு மூணு மடங்கு. எனக்கு மூணு கை இல்ல பாப்பா, பாஸ்போர்ட் வேற" என்று மிலான் சொன்னார். அதோடு, அவர் ஊர்க் கார் ஃபேக்டரியில் இப்போது ஆள் பற்றாமல் நம் பக்கத்துப் பையன்களைத்தான் கொண்டுபோய் வேலைக்கு வைக்கிறார்களாம். "அவங்க அங்க போறாங்க, நான் இங்க வர்றேன். ஏர்போர்ட்ல பாத்து சிரிச்சுக்குவோம்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அஸ்மத் பீவி ஆரம்பித்துவிட்டார். "நாளைக்கி மிலானும் சம்சாரமும் நம்ம வீட்டுக்கு வருவாங்க, ஹிஃப்ஸா போட்டோ எடுப்பா, அது அல் ஐனுக்குப் போவும். சம்பந்தி வீட்டுல பாத்துட்டு, பொண்ணு வீட்டுல பாயிலதான் உக்காருவாங்க போலன்னு பேசமாட்டாங்களா?" என்றார். எனக்கோ வேறு பயம். போட்டோ ஓனர் கண்ணில் பட்டால், இவன் வசதியாகத்தான் இருக்கிறான் என்று வாடகையைக் கூட்டிவிடுவார். ஆக அல் ஐனுக்கு நாங்கள் பணக்காரராகவும், ஓனருக்கு ஏழையாகவும் ஒரே ஹாலில் தெரிய வேண்டும். இரவோடு இரவாகப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். ஜன்னல் பக்கம் அவர் இஷ்டம், கதவுப் பக்கம் என் இஷ்டம். கதவுப் பக்கத்தில் நான் பழைய பாயைச் சுருட்டி நிறுத்தி, உடைந்த ஃபேனைத் தேடி எடுத்து வைத்தேன். ஜன்னல் பக்கத்தில் அவர் கீழ்வீட்டு ஃபிலிப்பினோக்காரரிடமிருந்து மெரூன் கலர் சோபா ஒன்றை இரவல் வாங்கி, ஆள் வைத்துத் தூக்கிவந்து போட்டார்.

மிலான் வந்தார், உட்கார்ந்தார், கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். "இந்த சோபாவ எனக்குத் தெரியுமே. போன மாசம் கீழ இருந்துச்சு" என்றார்.

அஸ்மத் பீவி வட்டிலப்பத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். ஆனால் மிலான் சம்சாரம் விழுந்து விழுந்து சிரித்தார், பிறகு புருஷனை முழங்கையால் இடித்தார். மிலான் காது வரைக்கும் சிவந்துபோய், அந்தக் காப்பி மெஷின் ஆபீஸிலிருந்து ஒருநாளைக்கு எடுத்து வந்தது என்றும், படத்தில் இருக்கிற வீடு தன்னுடையதல்ல, மாமியாருடையது என்றும் சொல்லிவிட்டார். லீவுக்குப் போனால் அந்த வீட்டு மேல்மாடியில்தான் இருப்பாராம், சத்தமாக நடக்கக்கூடாதாம். சொந்தமாக ஒரு வீடு கட்டுகிறாராம், சம்சாரத்தின் அண்ணன்தான் கான்ட்ராக்டராம், சுவரோடு நிற்கிறதாம், கூரை இல்லையாம். "குளிர்காலத்துல ஹால்ல முழங்கால் வரைக்கும் பனி கொட்டுது பாய்" என்று அந்த மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சம்பந்தி, மனதில் கையை வைத்துச் சொல்லுங்கள். எதிரே ஒரு ஆம்பிளை, அதுவும் ஐரோப்பாக்காரன், வீடு முடியவில்லை என்று அழும்போது நான் மட்டும் எப்படிச் சும்மா இருக்க முடியும்? இத்தனை வருஷ கல்ஃப் வாழ்க்கையில் என்னைவிட மோசமாக மச்சினனிடம் ஏமாந்த ஒருத்தரை நான் அதுவரை பார்த்ததில்லை. பாசம் பொங்கிவிட்டது. "மிலான் பாய், எங்க காயல்பட்டினத்துல பொண்ணுக்கு வீடு கொடுக்கணும், மாப்பிள்ளை அந்த வீட்டுல வந்து வாழணும். என் மூத்தவளுக்குக் கட்டுற வீட்டுக்கு நானும் மச்சினனத்தான் நம்பினேன். எனக்கும் தளம் மாஃபி, மேல கூரையே இல்ல. உங்க வீட்டுல பனி, எங்க வீட்டுல ஆடு. தெருவுல போற ஆடெல்லாம் மத்தியானம் அங்கதான் படுக்குது" என்று சொல்லிவிட்டேன். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். ஹிஃப்ஸா போனில் எல்லாவற்றையும் ரெக்கார்டு பண்ணிக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது.

பிறகு நடந்ததைத் தாங்கள் வீடியோவில் பார்த்துவிட்டீர்கள். அவள் பேசியது இங்கிலீஷில், ஆகவே மாப்பிள்ளை மொழிபெயர்த்துச் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். ஸ்லோவாக்கிய ஆணுக்குச் சொந்த வீடு இல்லை, மாமியார் வீட்டில் இருக்கிறார்; ஆசிய ஆணுக்கும் சொந்த வீடு இல்லை, எல்லாம் மனைவி மகள் பெயரில்; இருவரும் மச்சினனிடம் பணம் கொடுக்கிறார்கள், இருவர் வீட்டுக்கும் கூரை இல்லை; ஆகவே இரண்டு சமூகத்தின் பொருளாதார நிலைமையும் சமம், கட்டட ஓனர் மட்டும்தான் உயர்ந்தவர் என்று முடித்தாள். கைதட்டல் வந்தது. அதோடு இறங்கியிருக்கலாம். மைக்கை மறுபடி பிடித்து, "எங்க அக்கா, ஆமிரா லாத்தா வீட்டுக்குத் தளம் போடலன்னு அல் ஐன்ல மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது. ப்ளீஸ், யாரும் சொல்லிடாதீங்க" என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டுக்கொண்டாள். முதல் பரிசு கொடுத்துவிட்டார்கள்.

வீடு முடிந்துவிட்டது, பெயின்ட் மட்டும்தான் பாக்கி என்று ரமலானில் தங்களிடம் சொன்னவன் நான்தான். மறுக்கவில்லை. ஆனால் அதைப் பொய் என்று தாங்கள் எடுத்துக்கொள்ளக்கூடாது. பெயின்ட் பாக்கி என்பது சத்தியம். தளமும் பாக்கி என்பதைத்தான் சொல்லாமல் விட்டேன். அப்போது மச்சினன், "ஈதுக்குள்ள தளம் போட்டுருவேன் மச்சான்" என்று சொல்லியிருந்தான், எந்த ஈது என்று நான் கேட்கவில்லை. ஊரில் தங்கள் லாத்தா அந்த வீட்டுக்கு அடுத்த தெருவில்தான் இருக்கிறார்கள், ஆனால் அவர்களுக்கு முட்டிவலி, வெளியே வருவதில்லை. அல்லாஹ் அவர்களுக்குச் சுகத்தைக் கொடுக்கட்டும். கொஞ்சம் தாமதமாகக் கொடுத்தாலும் பரவாயில்லை என்று நான் ஒரே ஒருமுறை நினைத்தது உண்டு, அதற்கும் மன்னிக்க வேண்டும்.

சம்பந்தி, கேலியெல்லாம் போகட்டும். வீடியோ வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கடையில் கவர் கேட்டால் சார்ஜர் எடுத்துக் கொடுக்கிறேன். ஒரு கூரைக்காக இந்தச் சம்பந்தம் உடைந்தால் நான் ஊரில் தலைகாட்ட முடியாது. தங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், நிக்காஹைத் தள்ளிப் போடுங்கள், உடைத்துவிடாதீர்கள். இந்த ஆண்டு முடிவதற்குள் கடையை விற்றாவது தளம் போட்டுத் தருகிறேன். மச்சினனை மாற்ற முடியாது, மேஸ்திரியை மாற்றிவிடுகிறேன். தங்கள் மகன் ஆடு மிதித்த தரையில் கால் வைக்கும்படி விடமாட்டேன்.

தங்கள் வீட்டாருக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் சலாமைச் சொல்லவும். அஸ்மத் பீவி தங்கள் வீட்டாருக்குத் தனியாகச் சலாம் சொல்கிறார், சோபாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டதையும் சொல்லச் சொன்னார். தங்கள் வியாபாரத்தில் பரக்கத்தும், தங்கள் மனதில் என்மேல் கொஞ்சம் இரக்கமும் உண்டாக இறைவன் அருள்வானாக.

பதிலுக்கு ஏங்கும்,
ஜாபர் சாதிக்

பின்குறிப்பு: கவருக்குள் வைக்கப் போகும்போது ஆமிரா வேலையிலிருந்து வந்து, "யாருக்கு வாப்பா இவ்வளவு நீளமா?" என்று வாங்கி வாசித்தாள். முதலில் சிரித்தாள், கடைசிப் பக்கத்தில் சிரிக்கவில்லை. "இதுல மிலான் அங்கிள் இருக்காங்க, அவங்க மாமியா இருக்காங்க, ஆடு இருக்கு. நான் எங்க வாப்பா இருக்கேன்?" என்று கேட்டாள். தாள்களைப் புரட்டிப் பார்த்தேன். பெயர் இருக்கிறது, அவளைப் பற்றி ஒரு வரி இல்லை. வெட்கமாகப் போய்விட்டது. "உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டேன். இதுவரை அப்படிக் கேட்டதில்லை என்பது கேட்கும்போதுதான் தெரிந்தது. "அந்த வீட்டுல நாங்க இருக்கப் போறதே இல்ல வாப்பா. அல் ஐன்லயே ஃப்ளாட் பாத்து அட்வான்ஸ் கொடுத்தாச்சு. எனக்கு அங்க வேலையும் கெடச்சிருச்சு. நீங்களும் உம்மாவும் அவ்வளவு வருஷம் இருந்த மாதிரி, அவர் அங்க, நான் ஊர்லன்னு லீவுக்கு லீவு குடும்பம் நடத்த எங்களால முடியாது. இத அவர் அவங்க வாப்பாகிட்ட சொல்லிட்டாரு. பொண்ணு வீட்டுக்கு மாப்பிள்ளைய அனுப்ப மாட்டோம்னு உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் அவங்க உங்க போனை எடுக்காம இருக்காங்க" என்றாள்.

அடப்பாவி சம்பந்தி! இதற்குப் பயந்துகொண்டா என்னை இத்தனை நாள் பட்டினி போட்டீர்கள்? அந்த வீடியோவைத் தாங்கள் பார்த்தீர்களா என்பதே இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. கிழித்துப் போடலாம் என்றால் கை வலிக்க எழுதியது, மனம் வரவில்லை. ஆகவே மேலே மன்னிப்புக் கேட்ட இடங்களை எல்லாம் வாசிக்காமல் தள்ளிவிடுங்கள். முறைப்படி இப்போது கோபப்பட வேண்டியவன் நான். எனக்கு வரவில்லை, பெண் புருஷனோடு இருக்கப் போகிறாள் என்று நினைத்தால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் அஸ்மத் பீவிக்கு வழக்கம் முக்கியம், அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சாகிர் கடிதத்தைக் கொடுத்ததும் எனக்கு மிஸ்டு கால் கொடுப்பான், கொஞ்ச நேரம் கழித்து நான் கூப்பிடுவேன். அவர் காதில் விழும்படி ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவேன், நன்றாகச் சத்தம் போடுவேன். தாங்கள் தயவுசெய்து போனை எடுத்து, கொஞ்சம் பயந்த மாதிரி பேசுங்கள்.