காருக்குத் துண்டு போட்ட கதை

பேரம் பேசுவதில் என்னை அடித்துக்கொள்ளத் தென்மாவட்டத்திலேயே ஆள் கிடையாது என்று நான் முழுதாக நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அந்த நம்பிக்கை இப்போது தச்சநல்லூரில் எங்கள் வீட்டு வாசலில், கறுப்பு நிறத்தில், நாலு சக்கரத்தோடு நிற்கிறது. தினமும் காலையில் நான்தான் அதைத் துடைக்கிறேன்.

எனக்குத் தொழில், கங்கைகொண்டான் பக்கம் சில கம்பெனிகளுக்கு மதியச் சாப்பாடு போடும் கேன்டீன் காண்ட்ராக்ட். விடிவதற்குள் மார்க்கெட்டுக்குப் போய், கத்தரிக்காய் மூட்டையைக் காலால் ஒரு தட்டுத் தட்டி, "என்ன அண்ணாச்சி, போன வாரத்துச் சரக்கா?" என்று ஆரம்பித்தால் முடிக்கும்போது வெயில் ஏறியிருக்கும். என் தலை தெரிந்ததும் சில வியாபாரிகள் கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். (பயந்து போகிறார்கள் என்று நினைத்திருந்தேன். தொல்லை தாங்காமல் போனார்களாம்.)

என்னிடம் இருந்த ஒரே அஸ்திரம் எழுந்து போவது. விலையைக் கேட்டதும் நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். "சரி, வாரேன் அண்ணாச்சி" என்று திரும்பி, பைய நடக்க வேண்டும். வேகமாக நடந்தால் காரியம் கெட்டது. கடை எல்லையைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து, "ஏ அண்ணாச்சி, இங்கன வாங்க. நீங்கதான் ஒரு வெல சொல்லுங்களேன்" என்று குரல் வந்துவிடும். இதுவரை வந்திருக்கிறது.

இப்படிப்பட்ட எனக்குச் சொகுசு கார் மேல் ஆசை வந்ததற்குக் கார் காரணமில்லை. சகலைதான் காரணம்.

சகலை என்றால் என் மனைவி பாக்கியத்தின் தங்கை புருஷன். தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் காண்ட்ராக்ட். போன வருஷம் ஒரு குடும்ப விசேஷத்துக்கு வெளிநாட்டுக் கார் ஒன்றில் வந்து இறங்கினார். நீளமாக, தாழ்வாக, கதவை மூடினால் சத்தமே கேட்காத கார். (பெயரைச் சொல்ல மாட்டேன். இவ்வளவு கொடுத்த பிறகு இலவச விளம்பரம் வேறு செய்யவேண்டுமா?) பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்:

"நான் பேசுன பேச்சுல மேனேஜருக்கு வேர்த்துட்டு சகல. ஏசி ரூம்ல! நான் கேட்ட வெலைக்குத் தந்துட்டான்."

"எவ்வளவு கொறைச்சான்?"

"அதை வெளிய சொல்லக்கூடாதுன்னு கையப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டான். ஆனா ஒண்ணு சகல, உங்களுக்கு அந்த வெலைக்குத் தரமாட்டான்."

பாயசத்தை அப்படியே இலையில் விட்டேன். பந்தியில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி நான் சபதம் போட்டேன்: "இதே காரை உங்களைவிட ஒரு ரூவாயாவது கொறைச்சு வாங்கலைன்னா, என் பேரை மாத்திக் கூப்பிடுங்கவே!"

வீட்டுக்கு வரும் வழியில் பாக்கியம் சொன்னாள்: "காரு வாங்குங்க, வேண்டாங்கல. போனைப் போட்டு வெலையக் கேளுங்க, கொறைக்கச் சொல்லுங்க, கொறைச்சா வாங்குங்க. இதுக்குப் போயி எதுக்குச் சபதமெல்லாம் போடுதிய?"

பொம்பளைக்கு வியாபாரம் என்ன தெரியும் என்று அன்று நினைத்தேன். (இந்த வரியை எழுதிவிட்டு ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். அவள் படிப்பாள்.)

முதலில் மதுரைக்குப் போனேன். அங்கே பெரிய ஷோரூம். கல்யாண மண்டபம் மாதிரி விசாலம், ஆனால் சாப்பாடு கிடையாது. ஒரு தம்பி பணிவாக விலை சொன்னான். நான் நெஞ்சைப் பிடித்தேன். அவன் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். குடித்துவிட்டு, "சரி, வாரேன் தம்பி" என்று எழுந்து பைய நடந்தேன்.

மார்க்கெட்டில் கடை சின்னது, அதனால் பைய நடந்தாலும் சட்டென்று முடிந்துவிடும். இங்கேயோ நடக்க நடக்கத் தரை நீண்டுகொண்டே போனது. ஒரு காரைச் சுற்றினேன். வார் இல்லாத செருப்பைக் குனிந்து சரிசெய்தேன். குரல் வரவில்லை. கண்ணாடிக் கதவு மட்டும் நான் நெருங்குவதற்கு முன்பே தானாகத் திறந்து வழி விட்டது. அதற்காவது கொஞ்சம் தயக்கம் இருந்திருக்கலாம். வெயிலில் கால் வைத்த பிறகு பின்னாலிருந்து, "சார்! சார்!" என்று அந்தத் தம்பியின் குரல். வெற்றிச் சிரிப்போடு திரும்பினேன்.

"மூக்குக் கண்ணாடிய வச்சிட்டுப் போறீங்க சார்."

அதற்குள் நம் நெல்லையிலேயே பைபாஸ் ரோட்டில் அதே காருக்கு ஒரு ஷோரூம் திறந்திருந்தார்கள். இந்தத் தடவை தனியாகப் போகக்கூடாது என்று முடிவெடுத்து, என் மைத்துனன் இசக்கியைக் கூப்பிட்டேன். பாக்கியத்தின் தம்பி. மேலப்பாளையம் சந்தையில் ஆட்டுத் தரகன். அவன் பேச்சுக்கு ஆடே தலையாட்டும் என்பார்கள்.

"அத்தான், ஆடா இருந்தா என்ன, காரா இருந்தா என்ன? ரெண்டுக்கும் காலு நாலுதான்" என்றான் இசக்கி. "ஆனா ஒண்ணு. வெலையப் பத்தி நீங்க வாயே தொறக்கப்படாது. வாயால வெல பேசுதவன் வெள்ளாம பாக்குத சம்சாரி. துண்டுக்குள்ள பேசுதவன்தான் வியாபாரி."

சந்தையில் அப்படித்தான் நடக்கும். தரகர்கள் இரண்டு பேர் கை கோத்து, மேலே துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். உள்ளே விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவது. இத்தனை விரல் பிடித்தால் இத்தனை ஆயிரம். சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. ஒத்துவராவிட்டால் கையை உதறுவார்கள். ஒத்துவந்தால் முழுக் கையையும் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்குவார்கள். குலுக்கியாயிற்று என்றால் வியாபாரம் முடிந்தது. பிறகு பேச்சு மாறினால் மானக்கேடு.

எட்டு முழ வேட்டி, தோளில் பச்சைத் துண்டு சகிதம் இசக்கி ஷோரூமுக்குள் நுழைந்தான். காரின் முதுகை அமுக்கிப் பார்த்தான். பின்பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டினான். முன்னால் குனிந்து, பல் பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்துவிட்டு, "இளசுதான் அத்தான்" என்று என் காதில் சொன்னான். நான் ஏதோ பெரிய ரகசியம் கிடைத்த மாதிரி தலையசைத்தேன்.

விற்பனைக்கு இருந்தது மிருதுளா என்ற சென்னைப் பெண். நல்ல பிள்ளை. காரைப் பற்றி எல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கேட்டாள்: "ப்ரைஸ் பத்தி ஏதாவது பேசணுமா சார்?"

இசக்கி என் விலாவில் இடித்தான். நான் புன்னகை செய்தேன்.

"டிஸ்கவுண்ட் மாதிரி ஏதாவது எதிர்பாக்குறீங்களா சார்?"

மறுபடி இடி. மறுபடி புன்னகை.

"தயங்காம கேளுங்க சார்."

"கேக்க ஒண்ணும் இல்ல தாயி" என்றான் இசக்கி. "மேனேஜர வரச் சொல்லு."

அந்தப் பெண் எங்களை வினோதமாகப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். "பாத்தியளா அத்தான், பயந்துட்டா" என்றான் இசக்கி. நானும் ஆமாம் என்றேன்.

மேனேஜர் கோட்டு சூட்டில் வந்தார். அவரும் சென்னைக்காரர். "வெல்கம் சார்" என்று கையை நீட்டினார். நீட்டியதுதான் தாமதம், இசக்கி அந்தக் கையைக் கப்பென்று பிடித்து, தோளிலிருந்த துண்டை ஓர் உதறு உதறி, மேலே போட்டு மூடினான். ஏசிக் காற்றில் ஆட்டு முடி நாலைந்து பறந்தது.

மேனேஜர் முகத்தை நான் வாழ்நாளில் மறக்கமாட்டேன். முதலில் சிரித்தார். பிறகு துண்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் எல்லாம் தெரிந்தவன்போலக் கூரையைப் பார்த்தேன். துண்டுக்குள் இசக்கி அவருடைய இரண்டு விரல்களை இறுக்கிப் பிடித்தான். அதாவது, ரெண்டு லட்சம் குறை என்று அர்த்தம். மேனேஜர் கையை உதறவில்லை. வாடிக்கையாளர் என்ன செய்தாலும் மலர்ந்த முகத்தோடு நிற்கவேண்டும் என்று எங்கேயோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள், பாவம். நெல்லையில் இப்படித்தான் கைகுலுக்குவார்கள் போலிருக்கிறது என்று அவராகவே முடிவுசெய்து, முழுக் கையையும் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினார்.

"முடிஞ்சுது அத்தான்!" என்று கத்தினான் இசக்கி.

"கங்கிராஜுலேஷன்ஸ் சார்!" என்று கத்தினார் மேனேஜர்.

கார் விற்றால் அடிக்கும் மணியை யாரோ அடித்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். துண்டு தனக்குப் போடவந்த மரியாதை என்று நினைத்த மேனேஜர் அதை எடுத்துக் கோட்டின் மேலே தானே போர்த்திக்கொண்டு, எங்களை இரண்டு பக்கமும் நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டார். நான் அங்கேயே நின்று சகலைக்குப் போன் போட்டேன்.

"ரெண்டு கொறைச்சாச்சு சகல. அதுவும் ஒத்த வார்த்த பேசாம!"

"ரெண்டுன்னா? ரெண்டாயிரமா?"

"லெட்சம்வே!"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நான் கேட்டதிலேயே இனிமையான சத்தம் அதுதான்.

அதற்குப் பிறகு வரி, இன்சூரன்ஸ், பதிவு என்று கணக்கு நீளமாக வந்தது. கடன் கொடுத்தது பேங்க். குறைத்த ரெண்டு எங்கே என்று எனக்கும் லேசாகத் தோன்றத்தான் செய்தது. இசக்கியிடம் கேட்டேன். "துண்டுக்குள்ள பேசுனத வெளிய கேக்கப்படாது அத்தான், அசிங்கம்" என்றான். கௌரவமான மனிதன் நான். கேட்கவில்லை.

கார் எடுக்கும் நாளில் குடும்பம் மொத்தமும் வேனில் வந்து இறங்கியது. சகலையைக் குறிப்பாக அழைத்திருந்தேன். காருக்குப் பட்டுத் துணி போர்த்தி, மாலை போட்டு, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். கேக்கும் உண்டு. மேனேஜர் மைக்கைப் பிடித்தார்.

"எத்தனையோ கஸ்டமர்ஸ பாத்திருக்கேன். விலைய ஒரு ரூபா கூடக் குறைக்கச் சொல்லாம, நாங்க சொன்ன ஃபுல் ப்ரைஸுக்கே வாங்குன ஒரே ஜென்டில்மேன் இவர்தான். மேலும், எனக்குத் துண்டு போட்டு மரியாதை பண்ணுனாரு. எல்லாரும் ஒரு தடவ ஜோரா கைதட்டுங்க!"

கைதட்டினார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டியது சகலை.

நான் மிருதுளாவை ஓரமாகக் கூப்பிட்டேன். "ஏம்மா... கொறைக்க வழியே இல்லையா?"

அவள் பாவமாகப் பார்த்தாள். "யாரு கேட்டாலும் ஒன்றரை லட்சம் வரைக்கும் குறைக்கச் சொல்லியிருந்தாங்க சார். நானும் திரும்பத் திரும்பக் கேட்டேனே. நீங்க வாயே திறக்கலையே?"

இதைச் சரியாகப் பின்னால் வந்து நின்று கேட்டவள் பாக்கியம். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "மாசக் கணக்குல இனி துண்டு விழும்" என்று மட்டும் சொன்னாள். பிறகு அவளுக்கே தான் சொன்னது புரிந்து, கேக் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

இசக்கியைத் தேடினேன். துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓடிவிட்டிருந்தான். உண்மையிலேயே துண்டைக் காணோம். அது மேனேஜரிடம்தான் இருந்தது.

எனக்கு அன்று கிடைத்த ஒரே ஆறுதல் என் கொழுந்தியாள். சகலை சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவள் பொறுக்கமாட்டாமல், "ரொம்பச் சிரிக்காதிய. நீங்களும் முழு வெல குடுத்துட்டு, காருக்குள்ள போடுத ரெண்டு மிதியடிய ஓசியா வாங்கிட்டு வந்தவியதான" என்று போட்டு உடைத்தாள். சகலை சட்டென்று நிறுத்தினார். ஆனால் என்ன? சபதம் சபதம்தானே. எனக்கு மிதியடியும் கிடைக்கவில்லை. மிதியடி வித்தியாசத்தில் தோற்றேன்.

காரோடு கம்பெனி வாசலுக்குப் போனால் முன்போல என்னைத் தடுப்பதில்லை. சல்யூட் அடிக்கிறார்கள். சாம்பார் வாளியைப் பின்சீட்டில் வைப்பதில்லை என்று எவ்வளவோ நாள் வைராக்கியமாக இருந்தேன். சாப்பாட்டு வண்டி ரிப்பேரான ஒருநாள் வைத்தேன். காரில் இன்னும் பெருங்காய வாசம் போகவில்லை. அந்தப் போட்டோ ஷோரூம் சுவரில் பெரிதாகத் தொங்குகிறது. சர்வீஸுக்குப் போகும்போதெல்லாம் பச்சைத் துண்டோடு மேனேஜர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

போன தை மாதம் என் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் அப்பா தோளில் துண்டோடு வந்தார். வாசலில் இசக்கியைப் பார்த்ததும் மரியாதையாகக் கையை நீட்டினார். இசக்கியும் கையை நீட்டினான். "ஏலே இசக்கி, கைய எடுலே!" என்று பாக்கியம் போட்ட சத்தத்தில் மேளக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார்.

பயந்துபோன சம்பந்தியை உட்காரவைத்து, எல்லோருமாகச் சேர்ந்து கதையைச் சொன்னார்கள். நானும் கூட இருந்தேன், கேக் எப்படி இருந்தது என்பதைச் சொல்ல. சம்பந்தி விழுந்து விழுந்து சிரித்தார். எல்லாம் ஓய்ந்த பிறகு வாசலில் நின்ற காரைப் பார்த்து, நல்ல மனதோடுதான், என்னிடம் கேட்டார்: "அருமையான வண்டிலா! கடைசியா என்ன வெலைக்கு முடிச்சிய சம்பந்தி?"

நான் வாயைத் திறந்தேன். ஷோரூமில் திறக்காத வாய். அதற்குள் பாக்கியம், சகலை, கொழுந்தியாள், இசக்கி, அலங்காரத்தோடு உட்கார்ந்திருந்த என் மகள், அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்:

"அவன் சொன்ன வெலைக்கு!"