என்ன பாட்டு, சொல்லுங்க பாக்கலாம்!

நடுவயதில் வாத்தியம் கற்றுக்கொள்ளக் கிளம்புகிறவர்களில் பல ரகம் உண்டு. கீபோர்டு வாங்குகிறவரால் ஊருக்குத் தொந்தரவில்லை. மூன்றாம் மாதம் அது கட்டிலுக்கடியில் போய்விடும். கிட்டார் வாங்குகிறவர் அதைச் சுவரில் மாட்டிப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் வைத்ததோடு திருப்தியடைந்துவிடுவார். தபலா வாங்குகிறவரை வீட்டுச் சொந்தக்காரரே காலி பண்ணச் சொல்லிவிடுவார். நான் சொல்ல வந்தது இவர்களில் யாரையும் அல்ல. சட்டைப் பைக்குள் அடங்கிவிடுவதும், எந்த இடத்திலும் எடுக்கக்கூடியதும், எடுத்துவிட்டால் யாரும் கையிலிருந்து பிடுங்க முடியாததுமான (எச்சில் ஆயிற்றே, யார் தொடுவார்?) ஒரு வாத்தியத்தை ஐம்பது வயதுக்கு மேல் வாங்குகிறவரைப் பற்றிச் சொல்கிறேன். மவுத் ஆர்கன்காரர்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். வாங்கிய முதல் வாரம், உங்களோடு பேசிக்கொண்டிருக்கும்போதே கை அடிக்கடி சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கும். இரண்டாம் வாரம், காலேஜ் நாளிலிருந்தே தனக்கு இதன்மேல் ஒரு கண் என்பார். மூன்றாம் வாரம், முகம் பார்த்தேயிராத யூடியூப் வாத்தியாரை ‘எங்க குரு’ என்று குறிப்பிடுவார். நான்காம் வாரம் அதைப் பையிலிருந்து எடுத்து, உள்ளங்கையில் நாலு தட்டுத் தட்டி எச்சிலை உதறி, கைக்குட்டையால் துடைத்து, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, கண்ணை மூடித் தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பார். அப்புறம் உங்களுக்குத் தப்பிக்க வழியில்லை.

இந்த ஆராய்ச்சிக்காக நான் எங்கும் அலையவில்லை. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டை ஒட்டிய சந்தில் இருக்கிறது எங்கள் அடுக்குமாடி. எதிர்வீட்டுக் கதவைத் திறந்தால் ரங்கநாதன். வங்கி அதிகாரி, வயது ஐம்பத்திரண்டு. கையெழுத்து ஒரு சுழி மாறினாலும் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிற கறார் மனிதர். அவர் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வங்கியிலிருந்து வந்து, காபி குடித்து, வாய் கொப்பளித்து, ஆறரைக்கு உட்கார்ந்து, ஏழு மாதமாக ஒரே பாட்டை வாசித்தார். ஒரே பாட்டு. அதுவும் பாதிப் பாட்டு.

ஊதினால் ஒரு ஸ்வரம், உறிஞ்சினால் வேறொரு ஸ்வரம் வருகிற வாத்தியம் அது. ஊத வேண்டிய இடம் வரும்போது நம்மவருக்கு மூச்சு வாங்கும், உறிஞ்சிவிடுவார். குற்றம் யாருடையது? நிச்சயமாக அவருடையது அல்ல. “இது பத்து ஓட்டை. இதுல அந்த ஸ்வரமே கிடையாது” என்று சொல்லி இருபத்துநாலு ஓட்டை வாங்கினார். அதிலும் சரிவராமல், பக்கத்தில் பொத்தான் வைத்த மூன்றாவது ஒன்று வாங்கினார். பொத்தானை அமுக்கினால் ஒவ்வொரு ஓட்டையிலும் இன்னும் இரண்டு ஸ்வரம் வரும், அதாவது தப்பு செய்ய இரண்டு மடங்கு வசதி. ஒருநாள் மீசை ரோமம் அதன் தகட்டிடுக்கில் சிக்கி, “ஆ” என்று ஒரு சத்தம் கேட்டது. ஏழு மாதத்தில் சுருதி சுத்தமாக வந்த ஒரே ஒலி அதுதான். மறுநாள் இருபத்தாறு வருஷத்து மீசையைக் காணோம். வங்கியில் இரண்டு நாள் அவரிடமே வந்து, “ரங்கநாதன் சார் லீவா?” என்று கேட்டார்களாம். கலைக்காக இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி என்றார் என்னிடம்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வாசித்து முடித்தபின் வருகிற கேள்வி. மவுத் ஆர்கன்காரரின் முத்திரையே அந்தக் கேள்விதான். வாத்தியத்தை வாயிலிருந்து ஓரங்குலம் நகர்த்தி, புருவத்தை உயர்த்திக் கேட்பார்:

“என்ன பாட்டு, சொல்லுங்க பாக்கலாம்!”

அவருக்கு வேண்டியது அவ்வளவுதான், வாசகரே. கைதட்டல் வேண்டாம், மேடை வேண்டாம். யாராவது ஒருவர், அவர் சொல்லித் தராமல், தாமாகவே அந்தப் பாட்டைக் கண்டுபிடித்துவிட வேண்டும். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள் கண்டுபிடிக்கவில்லை. லிஃப்ட் பழுது பார்க்க வந்தவர் ஏதோ விளம்பர இசை என்றார். கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் பிரவீன்ராஜ், முதல் வரி முடிவதற்குள் சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு விறைப்பாக நின்றுவிட்டான். தேசிய கீதம் என்று நினைத்தானாம். நானும் பதினெட்டுப் பாட்டுகள் சொல்லித் தோற்றிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவர் முகம் ஒரு கணம் சுருங்கும். பிறகு, “இன்னொரு தடவை வாசிக்கறேன், நன்னா கவனிங்கோ” என்பார். அந்த ஒரு கணத்துக்காக மட்டும் எனக்கு அவர்மேல் இரக்கம் உண்டு. அடுத்த கணமே அது போய்விடும்.

அவர் கேட்காத ஆள் ஒருவர்தான். சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டு மருதை. காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருப்பவர், சொந்த ஊர் உப்பிலியபுரம். விடியற்காலை மூன்று மணிக்கு லாரி வந்துவிடும் என்பதால் சாயங்காலம் ஏழு மணிக்குள் படுக்க வேண்டியவர். அவருடைய கட்டிலின் தலைமாடும் ரங்கநாதனின் நாற்காலியும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். மருதை நல்ல மனுஷர், சண்டைக்கு வரவில்லை. குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்ற முறையில் என்னிடம் மட்டும் வந்து, சிவந்த கண்ணோடு, “சார், பேங்க் சாருக்கு ட்ரான்ஸ்ஃபர் ஏதும் வராதுங்களா?” என்று மெதுவாகக் கேட்டார்.

அந்த நேரத்தில்தான் சரஸ்வதி பூஜை வந்தது. அன்றைக்குப் புத்தகம், வாத்தியம், கருவி எல்லாவற்றையும் பூஜையில் வைத்துவிட்டால் மறுநாள் விஜயதசமி காலை வரை தொடக்கூடாது. இதை நினைத்த மாத்திரத்தில் எங்கள் மாடி முழுவதும் பக்தி பெருகியது.

ஆனால் ரங்கநாதனின் மனைவி சுபலட்சுமி மாமியோ ஆசாரம் பார்ப்பவர். மவுத் ஆர்கனைத் தம் வீட்டுக் கோயிலாழ்வாருக்கு, அதாவது பெருமாள் இருக்கும் பூஜை அலமாரிக்கு, பக்கத்திலேயே அண்டவிடவில்லை.

“ஏன்னா, வாய் வெச்ச பண்டத்தைப் பெருமாளண்டை வெப்பேளா?”

“கண்ணன் புல்லாங்குழலை மட்டும் மூக்காலயா வாசிச்சார்?”

“அவர் வாய் வெச்சா பிரசாதம். நீங்க வாய் வெச்சா எச்சல்.”

அவர் வாத்தியத்தைத் திரும்பச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். எங்களுக்கோ ஒரு சாயங்கால நிம்மதி பறிபோகிறதே என்ற கவலை. மருதைதான் வழி சொன்னார். கீழே கார் நிறுத்துமிடத்தில் சங்கத்தின் பொதுப் பூஜை உண்டே, தண்ணீர் மோட்டார், ஜெனரேட்டர், வண்டிகள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்போமே, அதில் வைத்துவிடலாம் என்றார். “ஆயுத பூஜைதானே சார்? அதுவும் ஆயுதந்தான்.” இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் துளி சிரிப்பு இல்லை.

சரஸ்வதியின் வாத்தியம் ஸ்பேனருக்கும் திருப்புளிக்கும் நடுவில் உட்காருவதா என்று ரங்கநாதன் முதலில் முறைத்தார். பிறகு, பூஜையில் வைத்தால் வித்தை விருத்தியாகும் என்று நான் ஒரு பொய்யைச் சொன்னதும், மூன்றையும் பட்டுத்துணியில் சுற்றி எடுத்து வந்தார். சந்தனம், குங்குமம், ஒரு சாமந்திப்பூ. மணி ஆறரை. ஏழு மாதத்தில் முதல் தடவையாக எங்கள் கட்டடத்தில் அந்த நேரத்தில் காவிரிக் காற்றின் சத்தம் கேட்டது. நான் கண்ணை மூடி அதை அனுபவித்தேன்.

மருதை வண்டிச் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டே வந்தார். வேலை மும்முரத்தில் தம்மை அறியாமல் ஏதோ முனகிக்கொண்டிருந்தார். இரண்டு வரி பாடுவார், திடீரென்று நிறுத்தி ‘ஹ்ஹப்’ என்று மூச்சை உள்ளே இழுப்பார், எங்கேயோ உயரத்தில் போய் விழுவார், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். கேட்ட மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. சுபலட்சுமி மாமி விளக்குத் திரியைத் தூண்டிய கையோடு நின்றுவிட்டார். நிமிர்ந்து பார்த்த ரங்கநாதன் காதைக் கூர்மையாக்கினார்.

“என்ன பாட்டு மருதை அது? கேட்ட மாதிரியே இருக்கு. பிடிபட மாட்டேங்கறதே.”

பூஜைக்கு வந்திருந்த அத்தனை பேரும் அவர் பக்கம் திரும்பினோம். முதலில் பேசியது மாமி. ஏழு மாதப் பாக்கி அந்தக் குரலில் இருந்தது.

“சொல்லுங்கோ பாக்கலாம்!”

ரங்கநாதன் யோசித்தார். மருதையை இன்னொரு தடவை பாடச் சொன்னார். ஏதாவது தாலாட்டா என்றார். இல்லை. உடுக்கைப் பாட்டா என்றார். இல்லை. “உங்க ஊர்ப் பக்கத்து ஒப்பாரியா?” மருதை பாவம், எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டார். தோல்வியை ஒப்புக்கொள்ளாத நம்மவர் விமர்சனத்தில் இறங்கினார்.

“பாட்டு என்னவோ இருக்கட்டும். நீங்க கேட்டுக் கத்துண்ட எடம் சரியில்ல மருதை. மூணாவது வரி அபஸ்வரம். நடுவுல மூச்சு எதுக்கு வாங்கணும்? வாசிச்சவனுக்குத் தாளமே கிடையாது. எங்க கேட்டீங்க இதை?”

“சுவத்துல சார்.”

“சுவத்துலயா?”

“எங்க படுக்கையறைச் சுவத்துல. நீங்க வாசிக்கிறதுதான் சார். நெசப் பாட்டு என்னான்னு எனக்குத் தெரியாது. நான் படம் பாட்டுன்னு எதுவும் கேக்குறதில்ல. இது ஒண்ணுதான் தெரியும்.” சொல்லிவிட்டு, தவறு செய்தவர் மாதிரி, “கோவிச்சுக்காதீங்க சார்” என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் சிரித்தேன், மறைக்க மாட்டேன். ஆனால் ரங்கநாதனின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். மீசை இல்லாத அந்த மேலுதட்டைத் தடவிக்கொண்டார். சாமந்திப்பூ சூடிய தம் மூன்று வாத்தியங்களையும் பார்த்தார். கற்பூரம் காட்டும்போது கைகூப்ப மறந்து நின்றார். சுண்டலை வாங்கிக்கொண்டு, லிஃப்டுக்குக் காத்திராமல் படியேறிப் போய்விட்டார்.

ஒழிந்தது தொல்லை என்றுதான் நானும் நினைத்தேன்.

விஜயதசமி காலை எட்டு மணிக்கு அவர் வந்தார். மூன்றில் முதலில் வாங்கிய பத்து ஓட்டையை மட்டும் எடுத்தார். துடைக்காமலேயே வாயில் வைத்ததால் உதடெல்லாம் குங்குமம். பாட்டை வாசித்தார். மூன்றாவது வரியில் விழுந்தார். முடித்தார். நாங்கள் எல்லோரும் கேள்விக்குத் தயாராக நின்றோம். கேள்வி வரவில்லை. நேராக மருதையிடம் போனார். விடுமுறை என்று மண்டிக்குப் போகாமல் பல் துலக்கிக்கொண்டு நின்ற மருதையிடம், அதுவரை எங்களில் யாரிடமும் பேசாத ஒரு தணிந்த குரலில், “மருதை, நேத்திக்குப் பாடினதை இன்னொரு தடவை பாடுங்கோ. நான் எப்படி வாசிக்கறேன்னு எனக்குக் கேக்கணும்” என்றார்.

இப்போது தினமும் ஆறரைக்கு இரண்டு பேரும் அந்தச் சுவருக்கு ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். இவர் வாசிக்கிறார், அவர் அதை அப்படியே பாடிக் காட்டுகிறார், இவர் தலையில் அடித்துக்கொண்டு மறுபடி வாசிக்கிறார். பாட்டு முக்கால்வாசி வந்துவிட்டது. மருதையின் தூக்கம்தான் போயே போய்விட்டது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டில் மவுத் ஆர்கன் இல்லை, நீங்கள் யாரையும் எந்தப் பாட்டையும் கண்டுபிடிக்கச் சொன்னதில்லை. ரொம்பச் சரி. ஒன்றே ஒன்று செய்யுங்கள். இன்று சாயங்காலம் உங்கள் மனைவியையோ, கணவரையோ, வீட்டில் இருக்கும் பெண்ணையோ பிள்ளையையோ கூப்பிட்டு, உங்களை மாதிரி ஐந்து நிமிஷம் பேசிக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் போனில் பேசுகிற குரல், விருந்தாளிக்கு எப்போதும் சொல்கிற அந்த ஒரே கதை, அதன் முடிவில் நீங்களே சிரிக்கிற சிரிப்பு, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல். கூச்சப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர்கள் ஏற்கெனவே பல தடவை செய்து பார்த்ததுதான்.

அதைப் பார்த்துவிட்டு நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, “அச்சு அசல்! யாரு இது, நம்ம மேல்வீட்டுக்காரரா?” என்று கேட்டீர்களானால், தெப்பக்குளம் பக்கத்து வாத்தியக் கடைக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். பத்து ஓட்டை போதும் உங்களுக்கு.